மைல்டா, சிவியரா? குழந்தையின் பேச்சுக் கோளாறு எவ்வளவு தீவிரம் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்

கேள்வி சுருக்கமாக இது. மகனுக்கு நாலே முக்கால் வயது. காக்காவைத் 'தாத்தா' என்கிறான், ரொட்டி அவனுக்கு 'லொட்டி'. வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது, பள்ளியில் மிஸ்ஸுக்குப் பாதி புரிவதில்லை. ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் ரிப்போர்ட்டில் 'லேசானது' என்று எழுதி மாதம் இரண்டு முறை வந்தால் போதும் என்றார். இன்னொருவர் 'தீவிரம்' என்று எழுதி வாரம் மூன்று நாள் வரச் சொன்னார். யார் சொல்வது சரி? எத்தனை நாள் போவது?

இரண்டு ரிப்போர்ட்டுமே சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. இந்தத் துறையில் 'தீவிரம்' என்று எழுதுவதற்கு ஒரே ஒரு அளவுகோல் கிடையாது. எத்தனை ஒலிகள் தவறுகின்றன என்று ஒருவர் எண்ணியிருப்பார். அந்நியருக்கு எவ்வளவு புரிகிறது என்று மற்றவர் பார்த்திருப்பார். ஒருவர் படம் காட்டி ஒற்றைச் சொற்களாகக் கேட்டிருப்பார், மற்றவர் பையனோடு விளையாடிக்கொண்டே கதை பேச வைத்திருப்பார். படத்தைப் பார்த்து நிதானமாக ஒரு சொல்லைச் சொல்லும்போது பல குழந்தைகள் தெளிவாகவே சொல்வார்கள். நாலு வாக்கியம் வேகமாகப் பேசினால்தான் குழறும். ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு தெரபி நாட்களை முடிவு செய்யாதீர்கள். அதற்குப் பின்னால் என்ன அளந்தார்கள் என்று கேளுங்கள். கேட்கும்போது பதில் புரிய வேண்டுமே, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதற்கும் முன்னால், காதுப் பரிசோதனை ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால் மற்றதெல்லாம் அப்புறம். சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருக்கும் குழந்தைக்கு வலியும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. கூப்பிட்டால் திரும்பவும் செய்வான். ஆனால் மெல்லிய மெய்யொலிகள் அவனுக்குத் தெளிவாக விழாது. கேட்காத ஒலியைத் திருத்தச் சொல்வது வீண்வேலை. அதேபோல வாயைத் திறந்து அண்ணத்தைப் பார்க்க வேண்டும். அண்ணப் பிளவு சில குழந்தைகளுக்கு மேல்தோல் மூடி, உள்ளே தசை மட்டும் பிரிந்திருக்கும். பேச்சு மூக்கால் வருவதுபோல் இருந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது அறுவை சிகிச்சை நிபுணரின் கருத்து.

நாக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது ஒரு சித்தியோ பாட்டியோ கட்டாயம் சொல்லியிருப்பார்கள். நாக்கின் அடியில் உள்ள சவ்வு ஒட்டியிருப்பதால் 'க' வராமல் போகாது. 'க' நாக்கின் பின்பகுதி மேலே எழுந்து பிறக்கும் ஒலி, நுனிக்கு அதில் வேலையே இல்லை. வசம்பு தேய்ப்பதாலும் 'க' வராது. பீப்பீ ஊதுவது, பலூன் ஊதுவது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது எல்லாம் விளையாட்டாக இருந்தால் சரி. அவற்றால் பேச்சொலி திருந்தும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. இதற்கே அரை மணி நேரத்தைச் செலவழிக்கும் இடம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். உலகெங்கும் அதிகம் பயன்படும் அளவு பி.சி.சி. என்பது. 'சரியான மெய்யொலிகளின் சதவீதம்' என்று வைத்துக்கொள்ளலாம். 1982-ல் அமெரிக்காவில் ஷ்ரைபெர்க், க்வியட்கோவ்ஸ்கி இருவரும் வெளியிட்டார்கள். குழந்தை இயல்பாகப் பேசுவதை ஐந்து பத்து நிமிடம் பதிவு செய்து, அவன் சொல்ல நினைத்த மெய்யொலிகள் மொத்தம் எத்தனை, அதில் சரியாக வந்தவை எத்தனை என்று எண்ண வேண்டும். 85-க்கு மேல் இருந்தால் லேசானது. 65 முதல் 85 வரை லேசானதுக்கும் நடுத்தரத்துக்கும் இடையே. 50 முதல் 65 வரை நடுத்தரத்துக்கும் தீவிரத்துக்கும் இடையே. 50-க்குக் கீழே தீவிரம்.

ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்த்தால் கணக்கு எளிதாகப் பிடிபடும். (ஒரு வாக்கியத்தை வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை, இது விளக்கத்துக்கு மட்டும்.) பேச்சு வழக்கில், "காக்கா ரொட்டியத் தூக்கிட்டுப் போச்சு." இரட்டித்த மெய்யை ஒன்றாக எண்ணினால், காக்காவில் 2, ரொட்டியவில் 3, தூக்கிட்டுவில் 3, போச்சுவில் 2. மொத்தம் 10. உங்கள் மகனைப் போன்ற ஒரு பையன் இதை எப்படிச் சொல்வான்? "தாத்தா லொட்டிய தூத்திட்டு போச்சு." காக்காவில் இரண்டு தவறு, ரொட்டியில் ஒன்று, தூக்கிட்டுவில் ஒன்று. பத்தில் ஆறு சரி, 60 சதவீதம். அட்டவணையைப் பார்த்தால் 'நடுத்தரம் முதல் தீவிரம்'.

இப்போது இன்னொரு பையன் அதையே "காக்கா ஒட்டிய கூக்கிச்சு போட்டு" என்கிறான் என்று வையுங்கள். ரொட்டியில் 'ர' விழுந்துவிட்டது. தூக்கிட்டுவில் 'தூ' 'கூ' ஆனது, 'ட்டு' 'ச்சு' ஆனது. போச்சுவில் 'ச்சு' 'ட்டு' ஆனது. நாலு தவறு. இவனுக்கும் அதே 60.

இரண்டு பேருக்கும் ஒரே எண், ஒரே பட்டம். ஆனால் இவர்கள் இருவருக்கும் ஒரே தெரபி கொடுத்தால் ஒருவனுக்கு நிச்சயம் காலம் வீணாகும். முதல் பையனுக்குச் சட்டம் இருக்கிறது: 'க' வரவேண்டிய இடமெல்லாம் 'த', 'ர' வரவேண்டிய இடமெல்லாம் 'ல'. நாலு தவறு செய்தாலும் அவனுக்கு இருப்பது இரண்டே பிரச்சினைதான். 'க' ஒன்றைத் திருத்தினால் மூன்று தவறுகள் ஒரேயடியாகப் போய்விடும், எண் 60-லிருந்து 90-க்குத் தாவும். இரண்டாவது பையனிடம் இந்த வாக்கியத்தில் அப்படியொரு சட்டம் தெரியவில்லை. 'க' இருக்கிறது, 'த' இருக்க வேண்டிய இடத்திலும் 'க' வருகிறது. 'ட்டு' 'ச்சு' ஆகிறது, 'ச்சு' 'ட்டு' ஆகிறது. அதே வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொன்னால் மூன்றாவதாக ஒரு வடிவம் வரக்கூடும்.

இதனால்தான் சதவீதத்தை மட்டும் எழுதி, பிழைகளின் வகையை எழுதாத ரிப்போர்ட்டை நான் பாதி ரிப்போர்ட் என்பேன். எவ்வளவு அவசரம், தெரபிக்குப் பின் எவ்வளவு மாறியது என்று சொல்ல எண் உதவும். என்ன தெரபி என்பதைப் பிழையின் வகைதான் சொல்லும்.

பி.சி.சி.யில் வேறு சிக்கல்களும் உண்டு. வயதை அது பார்ப்பதில்லை. மூன்று வயதில் 70 எடுப்பதும் ஆறு வயதில் 70 எடுப்பதும் ஒன்றாகுமா? உயிரொலிகளை அது எண்ணுவதே இல்லை, ஆனால் உயிரொலி தவறும் குழந்தைதான் பெரும்பாலும் கவலைக்குரியவன். முதலில் வந்த முறையில், ஒலி கொஞ்சம் நெளிந்து வந்தாலும், உதாரணமாக 'ஸ' நாக்கு வெளியே வந்து ஒலித்தாலும், அது தவறு. 1997-ல் ஷ்ரைபெர்க் குழுவே வெளியிட்ட திருத்திய வடிவம் ஒன்றில் நெளிந்த ஒலிகள் சரி என்று எண்ணப்படும். ஒரே பதிவைக் கேட்டு ஒருவர் முதல் முறைப்படியும் மற்றவர் திருத்திய முறைப்படியும் எண்ணினால் எண் மாறும், பட்டமும் மாறலாம். உங்கள் இரண்டு ரிப்போர்ட்டுகளின் வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தமிழுக்கு என்று சில விஷயங்கள் உண்டு. அந்த 85, 65, 50 என்ற எல்லைகள் ஆங்கிலம் பேசும் குழந்தைகளை வைத்துப் பிறந்தவை. தமிழில் இரட்டித்த மெய்யை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதில் தொடங்கி எல்லாவற்றிலும் எண்ணுபவர் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. எப்படி எண்ணினாலும் சரி, மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணும்போதும் அதே மாதிரி எண்ண வேண்டும். தமிழ்ச் சொற்கள் விகுதி சேர்ந்து நீண்டுகொண்டே போகக்கூடியவை. அதனால் அசையை விழுங்கும் குழந்தை மெய்க்கணக்கில் காட்டுவதைவிட அதிகமாகக் குழறுவான். 'தக்காளி'யைக் 'காளி' என்பவனுக்குக் கணக்கில் மூன்றில் ஒரு மெய்தான் நஷ்டம், ஆனால் கடைக்காரருக்கு ஒன்றும் புரியாது.

வட்டார வழக்கு இதைவிட முக்கியம். வாழைப்பழத்தை 'வாளைப்பளம்' என்று சொல்லும் வீட்டில் வளரும் பிள்ளை 'ழ' சொல்லவில்லை என்றால் அது கோளாறு ஆகாது. சென்னையில் அது 'வாயப்பயம்'. 'ற்ற' யாழ்ப்பாணத்தில் ஒலிப்பது ஒரு மாதிரி, தமிழ்நாட்டில் ஒலிப்பது வேறு மாதிரி. 'ச' சிலர் வாயில் 'ச்ச' போல அழுந்தி வரும், சிலர் வாயில் 'ஸ' போல வரும். அந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் எப்படிச் சொல்கிறார்களோ அதுதான் அந்தக் குழந்தைக்குச் 'சரி'. பாடப்புத்தக உச்சரிப்பை வைத்து மதிப்பிட்டால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குத் தெரபி தேவைப்படும், என்னையும் சேர்த்து. ஆங்கில மீடியத்தில் படிக்கும் பிள்ளை ஆங்கிலச் சொற்களில் மட்டும் தடுமாறினால் அதையும் கோளாறில் சேர்க்கக் கூடாது. வீட்டு மொழியில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் ஆங்கிலப் படங்களை மட்டும் காட்டிச் செய்த சோதனையை நான் ஏற்கமாட்டேன்.

சரி, பிழையின் வகையை எப்படிப் பார்ப்பது? மூன்று கேள்விகள் முக்கியம்.

ஒன்று, வளரும் குழந்தைகள் எல்லோரும் ஒரு கட்டத்தில் செய்யும் பிழையா, அபூர்வமான பிழையா? 'க'வைத் 'த' என்பது சிறு குழந்தைகளிடம் சர்வசாதாரணம், உரிய வயதில் தானே மறையும். மறையாமல் நீடித்தால் அது தாமதம். ஆனால் 'தண்ணி'யைக் 'கண்ணி' என்றும், 'பட்டம்' என்பதைப் 'பக்கம்' என்றும் முன்னால் வரவேண்டியதைப் பின்னால் தள்ளிச் சொல்வது அவ்வளவு சாதாரணம் அல்ல. இப்படிப்பட்ட பிழைகள் அதிகமுள்ள குழந்தைகளில் பலர் பின்னாளில் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தடுமாறுகிறார்கள். அதனால் எண் சற்று நன்றாக இருந்தாலும் இவர்களை நான் காத்திருக்க வைப்பதில்லை.

இரண்டு, சொல்லிக் கொடுத்தால் வருகிறதா? தெரபிஸ்ட் குழந்தையைத் தன் வாயைப் பார்க்க வைத்து, "கா சொல்லு" என்பார். முதலில் தனி ஒலி, பிறகு அசை, பிறகு சொல். பார்த்துச் சொல்லும்போது ஒருமுறையாவது சரியாக வந்தால் நல்ல செய்தி, அந்த ஒலி அவனுக்குள் முளைவிட்டிருக்கிறது. எவ்வளவு காட்டினாலும் 'தா'தான் வருகிறது என்றால், அந்த ஒலி தானாக வரும் என்று காத்திருப்பதில் பயன் குறைவு. தெரபிக்கு முதலில் எடுக்க வேண்டியது அப்படிப்பட்ட ஒலியைத்தான் என்று வாதிடுவோர் உண்டு. முதலில் எளிதானதைக் கொடுத்துக் குழந்தைக்குத் தெம்பு ஊட்ட வேண்டும் என்போரும் உண்டு. நான் குழந்தையைப் பார்த்து முடிவு செய்வேன். சட்டென்று மனம் உடைகிற பிள்ளைக்கு இரண்டாவது வழிதான்.

மூன்று, ஒரே சொல்லை ஒரே மாதிரி தவறாகச் சொல்கிறானா? பேச்சுக் கோளாறு ஆய்வாளர் பார்பரா டாட்டின் முறையில் இதற்கு ஒரு சோதனை உண்டு. 25 படங்கள், ஒரே அமர்வில் இடையிடையே வேறு விளையாட்டு வைத்து மூன்று முறை சொல்ல வைப்பார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ சொற்கள் முறைக்கு முறை மாறினால் அது நிலையற்ற பேச்சுக் கோளாறு. இதை வீட்டிலும் ஓரளவு கவனிக்கலாம். 'வாழைப்பழம்' காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்றாக வந்தால் எழுதி வைத்துக்கொண்டு தெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.

இந்த மூன்றாவது கேள்விக்கு ஏன் இவ்வளவு எடை என்றால், 2005-ல் கிராஸ்பி, ஹோம், டாட் மூவரும் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. பதினெட்டுக் குழந்தைகள், எல்லோருக்கும் 'தீவிரம்' என்ற பட்டம். சிலர் நிலையாகத் தவறு செய்பவர்கள், சிலர் நிலையின்றி. எல்லோருக்கும் இரண்டு வகைத் தெரபியும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நிலையாகத் தவறு செய்தவர்களுக்கு ஒலி வேறுபாட்டைக் காட்டும் தெரபி நன்றாக வேலை செய்தது. நிலையற்றவர்களுக்கு 'அடிப்படைச் சொல்' தெரபி நன்றாக வேலை செய்தது. பட்டம் ஒன்றாகவே இருந்தும் மருந்து வேறாக இருந்தது.

ஒலி வேறுபாட்டுத் தெரபிக்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டாம். காய், தாய். கலை, தலை. கட்டு, தட்டு. இரண்டு படங்களையும் மேஜையில் வைத்துவிட்டு, "எது வேணும்?" என்று கேட்பார்கள். அவன் காயைக் கேட்க நினைத்து 'தாய்' என்றால் தாயின் படம் கைக்கு வரும். "இது இல்ல!" என்று அவனே முகம் சுளிக்கிற அந்தக் கணத்தில்தான் வேலை நடக்கிறது. ஒலி மாறினால் பொருள் மாறும் என்பதை நாம் சொல்லிப் புரிய வைப்பதில்லை, விளையாட்டிலேயே அவனுக்குப் படுகிறது. ஒரே ஒலியில் பல ஒலிகள் போய் விழுகின்றன என்றால், அதாவது கட்டை, சட்டை, பட்டை எல்லாமே அவன் வாயில் 'தட்டை' என்றால், நாலையும் ஒரே நேரத்தில் எதிரெதிரே வைத்துப் பழக்குவார்கள். லின் வில்லியம்ஸ் வகுத்த முறை இது. பேச்சு அநேகமாக ஒன்றுமே புரியாத பிள்ளைகளுக்குப் பார்பரா ஹாட்சனின் சுழற்சி முறை உண்டு. ஒரு ஒலி முழுதாகத் தேறும்வரை காத்திருக்காமல், சில வாரம் ஒன்று, பிறகு அடுத்தது என்று சுற்றி வருவார்கள். இங்கே பெற்றோர், "போன மாசம் 'க' சொல்லிக் கொடுத்தாங்க, முடிக்காமலே 'ச'வுக்குப் போயிட்டாங்க" என்று கோபப்படுவதுண்டு. அந்த முறையே அப்படித்தான்.

அடிப்படைச் சொல் தெரபி இதற்கு நேர் எதிர்த் திசை. அங்கே ஒலிகளை எடுப்பதில்லை, சொற்களை எடுப்பார்கள். குழந்தைக்கு அன்றாடம் தேவைப்படும் எழுபது சொற்கள் வரை: அவன் பெயர், தம்பி பெயர், மிஸ் பெயர், தண்ணி, வேணாம், பாத்ரூம், அவனுக்குப் பிடித்த கார்ட்டூன். ஒவ்வொன்றையும் அவனால் முடிந்த அளவுக்குச் சரியாக, ஆனால் எப்போதும் ஒரே மாதிரி சொல்லப் பழக்குவது. முழுத் துல்லியம் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிலைப்பட்டால் போதும், துல்லியம் பின்னால் வரும்.

இதில் சேராத ஒரு வகையும் உண்டு, பேச்சுச் செயலிழைவுக் கோளாறு. ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக சி.ஏ.எஸ். என்பார்கள். சொல்ல நினைப்பதை வாய்க்கு வேண்டிய அசைவுகளாக மாற்றுவதில் மூளைக்கு வரும் சிக்கல். அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம் 2007-ல் மூன்று அடையாளங்களைச் சொன்னது: மறுபடி மறுபடி சொல்லும்போது மெய், உயிர் இரண்டிலும் மாறிக்கொண்டே இருக்கும் பிழைகள், ஒலியிலிருந்து ஒலிக்கு, அசையிலிருந்து அசைக்குப் போவதில் இழுவையும் தடங்கலும், சொல்லின் ஏற்ற இறக்கமும் அழுத்தமும் பொருந்தாமல் வருவது. இவர்களுக்கு வாரம் ஒருநாள் தெரபி போதவே போதாது. வாரம் மூன்று முதல் ஐந்து தனி அமர்வுகளுக்கு ஆதரவான ஆய்வுகள் வந்துகொண்டிருப்பதாக அதே அறிக்கை சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: இந்தப் பட்டத்தைச் சிலர் மிகத் தாராளமாகக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டரை வயதுப் பிள்ளையைக் கால்மணி நேரம் பார்த்துவிட்டுக் கொடுத்த பட்டம் என்றால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

அடுத்து, புரிகிறதா என்ற கேள்வி. இதில் அம்மாவின் சாட்சியம் செல்லாது என்பதைச் சங்கடத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 'லொட்டி' என்றால் ரொட்டி என்று உங்களுக்கு எப்போதோ பழகிவிட்டது. ஷேரின் மக்லியாட் முதலான ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஒரு சிறு படிவம் இதற்கு நல்லது. ஏழே கேள்விகள்: கடந்த ஒரு மாதத்தில் உங்களுக்கு, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு, தூரத்து உறவினருக்கு, குழந்தையின் நண்பர்களுக்கு, தெரிந்தவர்களுக்கு, ஆசிரியருக்கு, முன்பின் தெரியாதவருக்கு எவ்வளவு புரிகிறது? ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து மதிப்பெண், பிறகு சராசரி. 60-க்கும் மேற்பட்ட மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. சராசரியைவிட அந்த ஏழு பதில்களின் சரிவைத்தான் நான் பார்ப்பேன். அம்மாவுக்கு ஐந்து, ஊரிலிருந்து போனில் பேசும் தாத்தாவுக்கு மூன்று, அந்நியருக்கு இரண்டு என்றால் நிலைமை தெளிவு.

நீங்களே செய்யக்கூடிய இன்னொரு வழி: பையன் ஏதாவது கதை சொல்வதை இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள். அவனை அதிகம் அறியாத ஒருவரிடம், எதைப் பற்றிப் பேசுகிறான் என்று சொல்லாமல் போட்டுக் காட்டி, கேட்ட சொற்களை எழுதித் தரச் சொல்லுங்கள். பதிவில் உள்ள மொத்தச் சொற்களில் எத்தனை பிடிபட்டன? ஆங்கிலம் பேசும் குழந்தைகளை வைத்து 2000-ல் கார்டன்-பிரானனும் ஹாட்சனும் சொன்ன வரம்பு, நாலு வயதைத் தாண்டியவன் பேச்சு அந்நியருக்கு மூன்றில் இரண்டு பங்குகூடப் புரியவில்லை என்றால் தெரபி தேவை என்பது. தமிழுக்கும் அதை ஒரு தோராயமான கோடாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

பாதிப்பு என்ற மூன்றாவது பக்கத்தைப் பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் தொடுவதே இல்லை. எட்டு வயதுப் பெண் ஒருத்திக்கு 'ர' மட்டும் 'ல' ஆகிறது என்று வையுங்கள். சதவீதம் 90-க்கு மேல், எல்லோருக்கும் எல்லாம் புரிகிறது, பட்டம் 'லேசானது'. ஆனால் வகுப்பில் 'மரம்' என்ற சொல்லை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் பின்பெஞ்சு சிரிக்கிறது. ஏன் சிரிக்கிறது என்பதை எழுதவே வேண்டாம். அவள் கையைத் தூக்கிப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள் என்றால் அது லேசானதா? கணக்கில் லேசு, அவளுக்குப் பாரம். இங்கே தெரபி குறுகிய காலத்துக்குத்தான் தேவைப்படும், ஆனால் உடனே தேவை.

வயதும் கணக்கில் வரும். மக்லியாட்டும் க்ரோவும் 2018-ல் 27 மொழிகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பெரும்பாலான மெய்யொலிகள் ஐந்து வயதுக்குள் வந்துவிடுகின்றன என்று தெரிந்தது. 'ர', 'ழ' போன்றவை பிந்தி வரும், பொறுக்கலாம். 'க', 'ப', 'ம', 'த' நாலே முக்கால் வயதில் இல்லையென்றால் பொறுக்க ஒன்றுமில்லை. ஐந்தரை வயது வாக்கில், முறையாக வாசிக்கக் கற்கும் நேரத்தில், பேச்சொலிக் குழப்பம் நீடித்தால் வாசிப்பும் சேர்ந்து அடிபடும் அபாயம் கூடுகிறது என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் கருத்து. யு.கே.ஜி. முடியும்வரை பார்க்கலாம் என்ற அறிவுரையை நான் ஏற்காததற்குக் காரணம் அதுதான்.

வாரத்துக்கு எத்தனை நாள் என்பதற்கு 2013-ல் வந்த ஆலனின் ஆய்வு ஒரு நல்ல கைகாட்டி. ஐந்தரை வயதுக்கு உட்பட்ட சிறு பிள்ளைகள். ஒரு குழுவுக்கு வாரம் ஒருமுறை, 24 வாரம். இன்னொரு குழுவுக்கு வாரம் மூன்று முறை, 8 வாரம். இரண்டிலும் மொத்த அமர்வுகள் 24-தான், முறையும் நான் மேலே சொன்ன, பல ஒலிகளை ஒரே நேரத்தில் எதிரெதிரே வைத்துப் பழக்கும் லின் வில்லியம்ஸ் முறைதான். நெருக்கமாகப் போனவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். ஆகவே கையில் இருபது அமர்வுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை ஒரு வருடத்துக்கு நீட்டாமல் இரண்டு மூன்று மாதத்துக்குள் செலவழியுங்கள். மாதம் இரண்டு முறை என்பது தெரபி முடிந்த பிள்ளையைச் சரிபார்க்கப் போதும். புதிதாக ஓர் ஒலியை வரவழைக்கப் போதாது.

இப்போது உங்கள் மகன். நேரில் பார்க்காமல் பட்டம் கொடுக்க முடியாது, கொடுக்கவும் மாட்டேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பிழைகள் சட்டத்துக்கு உட்பட்டவை, சாதாரண வகை, இரண்டே இரண்டு. 'ர'வை இப்போதைக்கு விட்டுவிடலாம். 'க' இந்த வயதுக்கு இருந்தே ஆக வேண்டும். மிஸ்ஸுக்குப் பாதி புரியவில்லை என்பதால் காத்திருக்கவும் முடியாது. காது சரி என்றால், வாரம் இரண்டு மூன்று முறை அரை மணி, காய்–தாய் வகைப் பயிற்சி, சுமார் மூன்று மாதம் என்று தொடங்குவேன். ஆனால் அதற்கு முன், ஒரே சொல்லை மூன்று முறை சொல்ல வைக்கும் அந்த 25 படச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அதில் முறைக்கு முறை மாறுகிறது என்று வந்தால் நான் சொன்ன திட்டம் செல்லாது.

எந்தத் தெரபிஸ்ட்டிடம் போனாலும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாரிடம் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்க மாவட்ட அளவில் அரசு நடத்தும் டி.இ.ஐ.சி. மையத்தை விசாரியுங்கள். அங்கே கட்டணம் இல்லை. முதல் நாளே இதைக் கேளுங்கள்: "மூன்று மாதம் கழித்து எதை வைத்து முன்னேற்றம் என்று சொல்வீர்கள்?" தெரபியில் பழக்கிய சொற்களையே மறுபடி கேட்டால் எந்தப் பிள்ளையும் நன்றாகத்தான் சொல்லும். பழக்காத சொற்களில் 'க' வருகிறதா, பேச்சுவாக்கில் வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. 'கா' என்று பழகிய பையன் தெரபியில் வராத 'குடை'யையும் 'பக்கெட்'டையும் தானாகச் சரியாகச் சொன்னால் அமர்வுகளைக் குறைக்க ஆரம்பிக்கலாம். எட்டு பத்து வாரமாகியும் பழக்கிய சொற்களைத் தாண்டி எதுவும் நகரவில்லை என்றால் நாட்களைக் கூட்டாதீர்கள். முதலில் முறையை மாற்ற வேண்டுமா என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

வீட்டில் தினம் பத்து நிமிடம் தெரபிஸ்ட் கொடுத்த சொற்களை விளையாட்டாகச் செய்தால் போதும். மீதி நேரம் முழுக்க, "க சொல்லு, க சொல்லு" என்று துரத்த வேண்டாம். அவன் "தாத்தா பறக்குது" என்றால், "ஆமா, காக்கா பறக்குது, பெரிய காக்கா" என்று சரியான வடிவத்தைக் காதில் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். பள்ளி மிஸ்ஸிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: புரியாவிட்டால் புரிந்தமாதிரி தலையாட்டாமல், "எங்க, காமி பாப்போம்" என்று கேட்கச் சொல்லுங்கள்.